88,000 யென்னுக்கு இரண்டு பக்கம்

ஜப்பானில் எங்கள் வீட்டில் மூன்று பேர், மூன்று பேர் வீசாவும் என் தலையில். நான் கிஜின்கோகு, அதாவது எஞ்சினியர் வகை. கணவரும் மகளும் என்னைச் சார்ந்து கசோகு தைசாய், அதாவது குடும்ப வீசா. என் ஜைர்யூ கார்டு, அதாவது இங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை, போனால் மூன்று பேரும் பெட்டி கட்ட வேண்டியதுதான். கார்டு 2025 மே மாதத்தோடு முடிகிறது. அதற்கு முந்தைய அக்டோபரில்தான் கம்பெனியை மாற்றி, கவாசாகி நகரத்திலிருந்து டோக்கியோவின் எதோகாவா வார்டில் இருக்கும் நிஷிகசாய்க்கு வீட்டையும் மாற்றியிருந்தேன். இந்தக் குழப்பத்தில் நானே மனு போட்டு மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று ஒரு கியோசெய் ஷோஷி ஆபீசைப் பிடித்தேன்.

கியோசெய் ஷோஷி என்றால் அரசு அலுவலகங்களுக்கு மனு எழுதித் தர உரிமம் வாங்கியவர். தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவருக்குக் கோட்டு சூட்டு மாட்டி, மாடியில் ஏசி ரூமில் உட்கார வைத்தால் எப்படி, அப்படி. ஆபீஸ் பெயரைக் கேட்காதீர்கள், சொல்லப் போவதில்லை. எனக்கு 44,000 யென், மற்ற இருவருக்கும் தலைக்கு 22,000. ஆக 88,000.

ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம். அந்த இரண்டரையும் ஒரே ஆளுக்கு.

அவர் அந்த ஆபீசின் சென்செய், அதாவது 'ஐயா' என்று மரியாதையாக அழைக்கப்படும் கியோசெய் ஷோஷி. அறுபதைத் தாண்டியவர், மெதுவான ஆங்கிலம். உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வியே, "கம்பெனி மாறியதை 14 நாளுக்குள் இமிகிரேஷனுக்குத் தெரிவித்தீர்களா?" கம்பெனியே சொல்லியிருக்கும் என்று நினைத்தேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, "அது உங்கள் பொறுப்பு" என்றார். அப்போது மார்ச். ஐந்து மாதத் தாமதம். பழைய கம்பெனியை விட்டதற்கு ஒன்று, புதியதில் சேர்ந்ததற்கு ஒன்று என்று இரண்டு அறிவிப்பையும் அவர் மேஜையிலேயே ஆன்லைனில் போட வைத்தார். இதற்கு 2,00,000 யென் வரை அபராதம் போட சட்டத்தில் இடம் இருக்கிறது என்பதை வேலை முடிந்த பிறகுதான் சொன்னார். முதலிலேயே சொல்லியிருந்தால் எனக்குக் கை ஓடியிருக்காது.

அப்புறம் வேலையைப் பற்றி. கார்களுக்குள் இருக்கும் ஆடியோ, நேவிகேஷன் மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. "டெஸ்டிங்" என்றேன். எழுதிக்கொள்ளவில்லை. "காலை 9 மணிக்கு கம்ப்யூட்டரைத் திறந்ததும் முதலில் என்ன செய்வீர்கள்?"

"டெஸ்ட் கேஸ்களை ஓட்டுவேன்."

"யார் எழுதிய டெஸ்ட் கேஸ்?"

"நான் எழுதியதுதான்."

"அதை ஏன் முதலில் சொல்லவில்லை?" என்று அப்போதுதான் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

யாரோ எழுதிக் கொடுத்ததைப் பார்த்து பட்டனை அமுக்குகிறவள் என்று மனுவில் தெரிந்தால், இதற்குப் பட்டம் எதற்கு என்று பார்க்கிற அதிகாரிக்குத் தோன்றும். படிப்புக்கும் வேலைக்கும் தொடர்பு இருக்க வேண்டும், இந்த வீசாவின் உயிர்நாடி அது. என் ஈசிஇ மார்க் ஷீட்டை வாங்கி, திருநெல்வேலியில் நான் தட்டுத்தடுமாறி பாஸ் செய்த சிக்னல் ப்ராசஸிங் பேப்பரில் விரலை வைத்து, "இது இன்றைக்கு எங்கே உதவுகிறது?" என்று கேட்டார். அந்தப் பேப்பரைப் பற்றி யாராவது என்னிடம் கேட்பார்கள் என்று கனவிலும் நினைத்ததில்லை. ஒன்றேகால் மணி நேரம் போனது. முடிவில் ஜப்பானிய மொழியில் இரண்டு பக்கக் காரணக் கடிதம், ரியூஷோ என்பார்கள். அறிவிப்பில் தாமதம் ஆனதையும் அதிலேயே ஒரு பத்தியில், கெஞ்சாமல், நேராகச் சொல்லியிருந்தார். என் மேனேஜரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "உன் வேலை இவ்வளவு பெரியதா?" என்றார்.

இனி மற்ற இரண்டரை நட்சத்திரம் எங்கே போனது என்று பார்ப்போம்.

சென்செயின் அறையை விட்டு நாம் வெளியே வந்ததும் நம்மை ஓர் உதவியாளரிடம் ஒப்படைத்துவிடுவார்கள். அந்தத் தம்பியிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. குடும்பத்தில் சம்பாதிப்பவர் ஆண் என்று அந்தப் பட்டியல் முடிவு செய்து வைத்திருக்கிறது. கணவரின் வேலைச் சான்று, கணவரின் வரிச் சான்று என்று மெயில் வந்தது. வீசா என்னுடையது என்று பதில் போட்டேன். மன்னிப்புக் கேட்டார். நாலு நாளில் அதே மெயில் மறுபடி. மூன்றாவது முறை என் கணவரே, "மளிகைக் கடையில் சனி ஞாயிறு பில் போடுகிற சம்பளத்துக்குச் சான்று வாங்கி அனுப்பட்டுமா?" என்று கேட்டார். வாரத்துக்கு 28 மணி நேர அனுமதியில் அவர் பார்க்கிற வேலை அது.

இதைச் சிரித்துக்கொண்டே விட்டுவிடலாம். வரிச் சான்று விஷயத்தை விட முடியவில்லை. குடியிருப்பு வரிக்கான சான்றிதழை எதோகாவா வார்டு ஆபீசில் வாங்கச் சொன்னார். அரை நாள் லீவு போட்டு, டோக்கன் எடுத்து உட்கார்ந்தேன். கவுண்டரில் இருந்த அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "உங்கள் வரி இங்கே இல்லை" என்றார். சான்று எந்த வருடத்து வரிக்கோ, அந்த வருடம் ஜனவரி 1 அன்று எந்த ஊரில் பதிவாகி இருந்தோமோ, அந்த ஊர்தான் சான்று தரும். 2024 ஜனவரி 1-ல் நான் கவாசாகி. வீடு மாறியவர்களுக்கு இதுதான் பாலபாடம். 88,000 வாங்குகிற ஆபீசுக்குத் தெரியவில்லை, அல்லது கேட்கத் தோன்றவில்லை.

இன்னொரு லீவு கிடைக்காததால் தபாலில் கேட்டேன். சான்றுக்கான பணத்தை தெய்காகு கொகவாசே என்ற தபால் ஆபீஸ் பணச்சீட்டாக வைத்து அனுப்ப வேண்டும். 300 யென் சீட்டு ஒன்று எடுக்க 200 யென் கமிஷன். இரண்டு சான்று, இரண்டு சீட்டு, 400 யென் கமிஷன்! புல்லட் ரயில் ஓடுகிற நாடு, நம்புங்கள்.

சான்று கைக்கு வரும்போது மார்ச் முடிந்துவிட்டது. ஏப்ரல் 1 முதல் நீட்டிப்புக் கட்டணம் 4,000-லிருந்து 6,000 யென். மார்ச் 31-க்குள் மனு ஏற்கப்பட்டிருந்தால் பழைய கட்டணமே போதும். மூன்று பேருக்கு 6,000 யென் கூடுதலாகப் போனது. அதைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று உதவியாளரிடம் கேட்டேன். அரசுக் கட்டணத்துக்கும் தங்களுக்கும் சம்பந்தம் இல்லை என்று மிக அழகான மரியாதை மொழியில் எழுதியிருந்தார்.

மனு கொடுத்த விதத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இமிகிரேஷன் ஆபீசுக்காக ஷினாகாவா ஸ்டேஷனின் கோனான் பக்கம் இறங்கி, பஸ் பிடித்து, நம்பர் எடுத்து உட்காரும் வேலையெல்லாம் அவர்களுடையது. ஜைர்யூ கார்டை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் எங்கள் கார்டுகளை எடுத்துப் போன அன்று, ஆபீஸ் முத்திரை போட்ட நகல் ஒன்றை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார்கள். மறுநாள் கார்டு திரும்பி வந்தது, பின்பக்கத்தில் மனு நிலுவையில் இருக்கிறது என்ற முத்திரையோடு. தேதி தாண்டிவிட்டாலும் முடிவு வரும் வரை, அதிகபட்சம் இரண்டு மாதம், அந்த முத்திரை நம்மைக் காப்பாற்றும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. மே மூன்றாம் வாரத்திலேயே புதுக் கார்டு வந்தது.

ஒரு வருடம். முன்பு மூன்று வருடம் இருந்தது. "கம்பெனி புதிது, அறிவிப்பும் தாமதம், ஒன்றுதான் வரும்" என்று சென்செய் முதல் நாளே சொல்லியிருந்தார். ஆகவே இதற்கு நட்சத்திரம் குறைக்கவில்லை.

யார் போகலாம்? கம்பெனி மாறியவர்கள், படிப்பும் வேலையும் ஒட்டாதவர்கள் போகலாம். ஆனால் சென்செய் நேரில் எத்தனை நிமிடம் பேசுவார் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அதே கம்பெனி, அதே வீடு என்றால் மை நம்பர் கார்டு என்ற அரசு அடையாள அட்டையை வைத்து நீங்களே ஆன்லைனில் போடலாம், 2025 ஏப்ரலில் அதற்குக் கட்டணமும் 5,500தான். அடுத்த முறை நான் அப்படித்தான் போடப் போகிறேன். சென்செய் எழுதிய அந்த இரண்டு பக்கத்தின் நகல் பத்திரமாக இருக்கிறது.

நேற்று அந்த ஆபீசிலிருந்து மெயில் வந்தது. மூன்று மாதம் முன்பே மனு கொடுக்கலாம், பழைய வாடிக்கையாளருக்குப் பத்து சதவீதம் தள்ளுபடியாம். கீழே தேவையான ஆவணங்களின் பட்டியல். முதல் வரி: கணவரின் வேலைச் சான்று.