காற்றுத் தொட்டியா, மண்புழுவா, போகாஷியா? சருகு மூட்டையைக் கேளுங்கள்

சமையலறைக் கழிவை வீட்டிலேயே உரமாக்குவது என்று முடிவெடுத்தவர் அடுத்துக் கேட்பது, எந்தத் தொட்டி என்பதைத்தான். காற்றோட்டமுள்ள சாதாரணத் தொட்டி, மண்புழுப் பெட்டி, காற்றுப் புகாத போகாஷி வாளி என்று மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றுமே வேலை செய்யும். முதலிலேயே சொல்லிவிடலாம், இந்த அலசல் காற்றுத் தொட்டியின் பக்கம் சாய்கிறது. அந்தச் சாய்வுக்குக் காரணம் தொட்டியைவிட, அதன் பக்கத்தில் இருக்க வேண்டிய சருகு மூட்டை.

ஏன் செய்ய வேண்டும் என்பதை நீட்டத் தேவையில்லை. குப்பைமேட்டில் புதைந்த உணவுக்கழிவு காற்றில்லாமல் அழுகி மீத்தேன் விடுகிறது. ஈரக்கழிவு தனியே பிரிந்துவிட்டால் காகிதமும் அட்டையும் பாட்டிலும் சுத்தமாக நிற்கும். சாறு ஊறிய காகிதம் மறுசுழற்சிக்கு உதவாது. இந்த இரண்டு பயனும் மூன்று முறைக்கும் பொது.

வித்தியாசம் தொடங்குவது தண்ணீரில். காய்த்தோல், பழத்தோல், கீரைத்தண்டு எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நீர்தான். ஒரு கிலோ கழிவில் 800 கிராம் நீர் போக, சரக்கு வெறும் 200 கிராம். காற்றின் துணையோடு மக்க வேண்டுமானால் கலவையின் ஈரம் 50 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் இடைவெளிகளில் நீர் நிறைந்து காற்று போய்விடும். அழுகிய முட்டை வாடை வரும். காய்ந்த சருகில் 10 சதவீதம் ஈரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ கழிவோடு 400 கிராம் சருகு சேர்த்தால் மொத்தம் 1,400 கிராம், அதில் நீர் 840 கிராம். சரியாக 60 சதவீதம்.

இதே 400 கிராம் இன்னொரு கணக்கையும் நேராக்குகிறது. நுண்ணுயிர்கள் வேகமாக வேலை செய்ய, நைட்ரஜன் ஒரு பங்குக்குக் கார்பன் 25 முதல் 30 பங்கு வேண்டும். சமையலறைக் கழிவில் அது சுமார் 18, சருகில் சுமார் 50 என்று கொண்டால் மேலே சொன்ன கலவை 30-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஈரமும் விகிதமும் ஒரே அளவில் ஒத்துப்போவதால்தான் சருகுக்கு இவ்வளவு மதிப்பு. மரத்தூளில் அப்படி ஒத்துப்போகாது. அதன் விகிதம் 500 வரை போகும். ஈரத்தை உறிஞ்சத் தேவையான அளவு போட்டால் கலவை 50-ஐத் தொட்டு, மக்கல் மாதக்கணக்கில் இழுக்கும். மரத்தூளைச் சருகோடு கால் பங்கு கலப்பது நல்லது, தனியே வேண்டாம். அட்டையும் அப்படித்தான். ஒட்டுநாடாவை உரித்து, மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாகக் கிழித்துப் போடலாம். முழுத் தாளாகப் போட்டால் பாய்போல் ஒட்டிக்கொண்டு காற்றை அடைக்கும். எண்ணெய் ஊறியதால் மறுசுழற்சிக்கு ஆகாத அட்டைக்கு இதுவே நல்ல போக்கிடம். பளபளப்புப் பூச்சுள்ள அட்டையும் கடை ரசீதுத் தாளும் கூடாது.

ஆக, ஒரு நாளைக்கு ஒரு கிலோ கழிவு வரும் வீட்டுக்கு மாதம் 12 கிலோ சருகு வேண்டும். எடையில் சின்னதாகத் தெரியும், இடத்தில் அப்படியில்லை. நொறுக்காத சருகு 100 லிட்டர் சாக்கில் மூன்றுக்குக் குறையாமல் வரும். காலால் மிதித்து நொறுக்கினால் ஏறக்குறைய பாதியாகும். இலையுதிர்வோ வருடத்தில் சில வாரம்தான், கழிவோ தினமும். அதனால் சேர்த்து வைக்க மழை படாத மூலை ஒன்று வேண்டும். நனைந்த சருகு கணக்கையே கெடுத்துவிடும், ஈரத்தை உறிஞ்ச வேண்டியதே ஈரத்தைக் கொண்டு வரும். தொட்டி வாங்கும் பலரும் இந்த மூலையை யோசிப்பதில்லை. இரண்டு மாதத்தில் “நாற்றமடிக்கிறது” என்று தொட்டி தெருவுக்குப் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

காற்றுத் தொட்டிக்குக் கலன் எதுவானாலும் சரி. 60 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் மூன்று இருந்தால் சுழற்சி சரியாக ஓடும்: ஒன்று நிரம்ப மூன்று நான்கு வாரம், அது ஓய்வெடுக்கும்போது அடுத்தது. மூன்றாவது நிரம்பும்போது முதலாவது ஏறக்குறைய இரண்டு மாதம் ஓய்ந்திருக்கும். பக்கங்களில் பத்து சென்டிமீட்டருக்கு ஒன்றாக 6 மில்லிமீட்டர் துளை போடுங்கள். அதைவிடப் பெரிதானால் சுண்டெலிக்குக் கதவு திறந்து வைத்த மாதிரி. உள்பக்கம் கம்பிவலை ஒட்டினால் இன்னும் நல்லது. அடியிலும் சில துளைகள், கீழே ஒரு தட்டு. உள்ளே முதலில் பத்து சென்டிமீட்டர் உயரத்துக்குச் சுள்ளியும் முரட்டுச் சருகும். வடிநீர் தேங்காமல் இருக்க அதுதான் காப்பு.

அன்றாட வேலை ஐந்து நிமிடம். கழிவை இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டராக நறுக்கி, ஒரு பாத்திரம் கழிவுக்கு நொறுக்கிய சருகு இரண்டு பாத்திரம் என்று போட்டு, மேலே கழிவு கண்ணில் படாதபடி ஐந்து சென்டிமீட்டர் சருகால் மூட வேண்டும். பழ ஈயைத் தடுக்க இந்த மூடாக்கைவிடச் சிறந்த மருந்து கிடையாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அடிவரை கிளறிவிட்டால் போதும். முதல் தடவை தொடங்கும்போது ஒரு கைப்பிடி பழைய உரமோ தோட்டமண்ணோ தூவலாம். கடையில் விற்கும் நுண்ணுயிர்த் தூள் கெடுதல் செய்யாது, ஆனால் அவசியமும் இல்லை.

கோளாறுகளை மூக்கே சொல்லிவிடும். அழுகிய முட்டை வாடை என்றால் நீர் அதிகம், காற்று குறைவு; கிளறிச் சருகு சேர்க்க வேண்டும். மூக்கைக் குத்தும் அமோனியா வாடை என்றால் நைட்ரஜன் மிகுந்து ஆவியாகிப் போகிறது, அதற்கும் சருகுதான். எறும்பு கூடு கட்டினால் உள்ளே உலர்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். ஒரு கைப்பிடியை இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு நிற்க வேண்டும், ஒழுகக் கூடாது. வெள்ளைப் பூஞ்சை படர்ந்தால் பயப்பட ஒன்றுமில்லை. பழுப்பு நிறத்தில் தடித்த புழுக்கள் நெளிவதைப் பார்த்துத்தான் பலர் கைவிடுகிறார்கள். அவை கறுப்புப் படைவீரன் ஈயின் புழுக்கள். கழிவை வேகமாகத் தின்னும், கடிக்காது, நோய் பரப்பாது. கூட்டம் அதிகமானால் ஈரம் கூடியிருக்கிறது என்று அர்த்தம்.

காற்றுத் தொட்டியின் குறையையும் சொல்ல வேண்டும். 60 லிட்டர் அளவில் வெப்பம் நிலைப்பதில்லை. களைவிதையும் நோய்க்கிருமியும் சாக 55 டிகிரி செல்சியஸ் குறைந்தது மூன்று நாள் நிற்க வேண்டும். அதற்கு ஏறக்குறைய ஒரு கன மீட்டர் குவியல் தேவை. அதனால் இறைச்சி, மீன், பால் பொருள், செல்லப்பிராணிகளின் கழிவு இதில் போடக் கூடாது. சமைத்த மிச்சம் கொஞ்சமாகப் போடலாம். அதிகமானால் அதிலுள்ள எண்ணெய், கழிவுத் துண்டுகளின் மேல் படர்ந்து காற்றைத் தடுக்கும், உப்பு செடிக்கு ஆகாது. “மக்கும் பை” என்று அச்சிட்ட பைகளையும் நம்ப வேண்டாம். அவற்றில் இருக்கும் ஈஎன் 13432 என்ற ஐரோப்பியத் தர முத்திரை தொழிற்கூட வெப்பத்துக்கானது. வீட்டுத் தொட்டியில் அந்தப் பை மாதக்கணக்கில் அப்படியே கிடக்கலாம். பழத்தில் ஒட்டிய ஸ்டிக்கரையும் எடுத்துவிடுங்கள், உரத்தைச் சலிக்கும்போது கடைசியில் மிஞ்சுவது அதுதான்.

மண்புழு உரம் நயத்தில் மற்ற இரண்டையும் மிஞ்சும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அது தொட்டி வைப்பதல்ல, கால்நடை வளர்ப்பு. பரவலாக வளர்க்கப்படும் ஐசீனியா ஃபெட்டிடா என்ற மண்புழு வகை 15 முதல் 25 டிகிரிக்குள் சுகமாக இருக்கும். 35-ஐத் தாண்டினால் செத்துவிடும். நன்றாகப் பழகிய புழு தன் எடையில் பாதிவரை ஒரு நாளில் தின்னும் என்பார்கள். தொடக்கத்தில் கால்வாசிக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். இடக் கணக்கும் கடினம்: ஒரு சதுர அடிப் பரப்புக்கு வாரம் அரைக் கிலோ என்ற வழக்கமான அளவுப்படி, வாரம் ஏழு கிலோவுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை சதுர மீட்டர் வரை தட்டுப்பரப்பு வேண்டும். எலுமிச்சை வகைத் தோல், வெங்காயம், உப்பு, எண்ணெய் ஆகாது. அதிகம் போட்டால் புளித்துச் சூடேறி, புழுக்கள் சுவரேறித் தப்பப் பார்க்கும். இருவர் மட்டும் இருக்கும் வீடு, நிழலான குளிர்ந்த இடம், தினம் எட்டிப் பார்க்கும் ஆர்வம் மூன்றும் இருந்தால் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம்.

போகாஷிக்குச் சருகே வேண்டாம், அதன் கவர்ச்சி அதுதான். ஒகினாவாவின் ரியூக்யூ பல்கலைக்கழகத்தில் இருந்த டெருவோ ஹிகா 1980-களில் பரப்பிய நுண்ணுயிர்க் கலவையைத் தவிட்டில் ஏற்றி, காற்றுப் புகாத வாளியில் கழிவோடு அடுக்குவார்கள். இறைச்சி, மீன், சமைத்த மிச்சம் எல்லாம் போகும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் அடுக்குக்கு ஒரு கைப்பிடித் தவிடு, நன்றாக அழுத்தி மூடி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை குழாயைத் திறந்து சாற்றை வடிக்க வேண்டும். அந்தச் சாறு கடும் புளிப்பு. நூறு பங்கு தண்ணீர் கலக்காமல் செடிக்கு ஊற்றினால் வேர் கருகும். நிரம்பியபின் இரண்டு வாரம் மூடி வைக்க வேண்டும். அதனால் குறைந்தது இரண்டு வாளி வேண்டும்.

ஆனால் வாளியிலிருந்து வருவது உரமல்ல, ஊறுகாய். போட்ட தோல் போட்ட உருவிலேயே இருக்கும், அளவும் பெரிதாகக் குறையாது. மண்ணில் 20 முதல் 30 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்து இன்னும் இரண்டு வாரமாவது விட்டால்தான் வேலை முடியும். குளிர்காலத்தில் அது நீளலாம். மாதம் 30 கிலோ வந்தால் அத்தனையையும் புதைக்க மண் எங்கே? தோட்டம் உள்ளவருக்குப் பிரச்சினையில்லை, மாடி வீட்டுக்காரருக்கு அங்கேதான் முட்டுகிறது. பெரிய பெட்டியில் சம அளவு மண்ணோடு கலந்து வைக்கலாம், அதுவும் ஒரு தொட்டிதான். தவிடும் தீரத் தீர வாங்க வேண்டும். காற்றுத் தொட்டி ஏற்காத இறைச்சி மிச்சத்துக்கு மட்டும் சின்ன வாளி ஒன்று வைத்து, ஊறியதைத் தொட்டியின் நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதைப்பது நல்ல சமரசம்.

தெருவாகச் சேர்ந்து செய்தால் கணக்கே மாறும். மரமுள்ள வீட்டில் சருகு எரிக்கப்படுகிறது, மரமில்லாத வீட்டில் கழிவு அழுகுகிறது. இரண்டும் சந்தித்தால் பாதிப் பிரச்சினை தீரும். பத்து வீட்டுக்கு ஒரு கன மீட்டர் பெட்டி மூன்று போதும். இந்த அளவில் வெப்பம் 55-ஐத் தாண்டும். கெடுவது கிளறும் முறை யாருடையது என்பதில்தான். வாரத்துக்கு ஒரு வீடு என்று பெயரெழுதித் தொங்கவிடுங்கள். திறந்திருக்கும் பெட்டி ஒரு வாரத்தில் பிளாஸ்டிக்கால் நிறையும், அதனால் பூட்டுப் போடுங்கள். சருகுப் பெட்டி கழிவுப் பெட்டிக்கு முன்னால் இருக்கட்டும். பின்னால் வைத்தால் அவசரத்தில் வருபவர் கழிவைக் கொட்டிவிட்டுச் சருகு போடாமலே போய்விடுவார்.