யாங்சுவோவில் குகை பார்க்கப் போகிறவர்களுக்கு: பெயர் எழுதிய தாளை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்

சீனாவின் குவாங்சி ஜுவாங் தன்னாட்சிப் பகுதியில், குயிலின் நகரத்துக்குத் தெற்கே இருக்கும் யாங்சுவோவுக்குச் சைக்கிள் ஓட்டவும் குகை பார்க்கவும் போகிறவர்கள், புறப்படுமுன் இதைப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். சென்ற நவம்பர் கடைசியில் நானும் என் மனைவியும் அங்கே ஒரு பகல் பொழுதையும் நானூறு யுவானையும் தொலைத்தோம். யாரும் எங்களை மிரட்டவில்லை, எதையும் பிடுங்கிக்கொள்ளவும் இல்லை. எல்லாம் சிரித்த முகத்தோடும் எங்கள் சம்மதத்தோடும் நடந்தது என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

காலையில் விடுதிக்கு அருகிலேயே இரண்டு சைக்கிள்களை வாடகைக்கு எடுத்தோம். அதில் எந்தக் குறையும் இல்லை. நிலாக்குன்றையும் அதற்கு அப்பால் உள்ள ஒரு குகையையும் பார்த்துவிட்டு, மாலையில் யூலோங் ஆற்றங்கரை வழியாக, 1412ஆம் ஆண்டில் கட்டப்பட்ட யூலோங் கல்பாலம் வரை போய்த் திரும்புவது எங்கள் திட்டம். எங்களுக்குச் சீனம் படிக்கத் தெரியாது என்பதால், விடுதி வரவேற்பறையில் இருந்த பெண் அந்தக் குகையின் பெயரை ஒரு சிறு தாளில் நான்கு எழுத்துகளில் எழுதிக் கொடுத்து, வழியில் யாரிடம் காட்டினாலும் சொல்வார்கள் என்றார்.

நிலாக்குன்று வரையிலான பாதையைப் பற்றிக் குறை சொல்ல மனம் வராது. வயல்களுக்கு நடுவே ஒற்றை ஒற்றையாக எழுந்து நிற்கும் சுண்ணாம்புக்கல் குன்றுகளும், அவற்றில் ஒன்றின் உச்சியில் வட்டமாகத் துளைத்ததுபோல் இருக்கும் பெரிய வளைவும், சாலையில் நகர நகரப் பின்னால் உள்ள குன்று மறைப்பதால் அந்த வளைவு முழுநிலவாகவும் பிறையாகவும் மாறித் தெரிவதும், நேரில் பார்க்கவேண்டிய காட்சிகள். அந்த வேடிக்கையில் சைக்கிளை நிறுத்தி நின்றிருந்தபோதுதான், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் தன் சைக்கிளை எங்கள் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, "வாட்டர் கேவ்?" என்று கேட்டார்.

நான் தாளை நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார், பலமாகத் தலையாட்டினார், நான்காக மடித்துத் தன் மேல்சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எங்களிடம் இருந்த ஒரே சான்று அதோடு போயிற்று என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. "அவங்க எதுக்குங்க அதை வச்சுக்கிறாங்க?" என்று என் மனைவி கேட்டாள், வழி தெரிவதற்காக இருக்கும் என்று நான் சமாதானம் சொன்னேன். அதை அவள் இன்றுவரை மறக்கவில்லை.

பிரதான சாலையை விட்டு, கும்குவாட் என்ற சிறு ஆரஞ்சு வகைத் தோட்டங்களுக்கு இடையே மண்பாதையில் அரை மணி நேரம் அழைத்துச் சென்ற பிறகு, ஒரு தகரக் கொட்டகை வாசலில் எங்களை நிறுத்தினார். நுழைவுச்சீட்டை நாங்களே வாங்குகிறோம் என்று சைகை காட்டியும் கேட்காமல், தன் கைப்பேசியில் இருந்த கியூஆர் குறியீட்டை நீட்டி, ஆளுக்கு 150 யுவான் என்று விரலால் எழுதிக் காட்டினார். வீசாட் என்ற கைப்பேசிச் செயலியில் பணத்தைச் செலுத்தினேன். உள்ளே போய் இரண்டு சீட்டுகளோடு வந்தார். கையசைத்து விடைபெற்றார். சீட்டில் 80 என்று அச்சிட்டிருந்ததை உடைமாற்றும் அறையில்தான் கவனித்தோம்.

குகையே மோசம் என்று சொன்னால் அது நியாயமாகாது. மழைநீர் காலங்காலமாகச் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக் குடைந்த குகைதான் அதுவும். கூரையிலிருந்து விழுதுபோல் தொங்கும் கற்களும், காலடியில் ஓடும் நீரும் உண்மையானவை. ஆனால் பச்சையும் ஊதாவுமாகப் பாய்ச்சியிருந்த விளக்கொளியில் கல்லின் நிறம் என்னவென்றே தெரியவில்லை. எதற்கெடுத்தாலும் தனிக் கட்டணம் வேறு. பெட்டக வாடகை 40 யுவான். சேற்றுக்குளத்தில் இறங்க வேண்டாம் என்றாலும், அதைக் கடந்துதான் வெளியேற வேண்டும், கடப்பதற்குள் சேறாகிவிடும், கழுவிக்கொண்டால் துண்டுக்குக் காசு. கேட்காமலே எடுத்த புகைப்படங்களை அச்சிட்டு வாசலில் மாட்டி வைத்திருந்தார்கள். வழுக்கும் பாறையில் என் மனைவி என் தோளைப் பற்றிக்கொண்டு நிற்கும் ஒன்றை மட்டும் 40 யுவானுக்கு வாங்கினோம். அது நன்றாகத்தான் இருக்கிறது. வெளியே வந்தபோது மணி நான்கரை. குன்றுகளுக்குப் பின்னால் வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது; யூலோங் பாலத்தை மறந்துவிட்டு, வந்த வழியைத் தேடத் தொடங்கினோம்.

இரவு விடுதியில் நுழைவுச்சீட்டைக் காட்டினோம். வரவேற்பறைப் பெண் ஒரு புதிய தாளில், காலையில் எழுதிய பெயரைத் திரும்ப எழுதி, சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். கடைசி இரண்டு எழுத்துகள் இரண்டிலும் ஒன்றே, முதல் இரண்டு வேறு. குயிலின் வட்டாரத்தில் குகையை "யான்" என்கிறார்கள். நாணற்குழல் குகை, ஏழு நட்சத்திரக் குகை, வெள்ளிக் குகை எல்லாமே அவர்கள் மொழியில் ஏதோவொரு யான்தான். நீரோடும் குகைகளுக்கும் அந்த மலைகளில் குறைவில்லை. ஆகவே "வாட்டர் கேவ்" என்று அந்த அம்மாள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

வரவேற்பறைப் பெண் எங்களுக்காக 12315 என்ற நுகர்வோர் புகார் எண்ணை அழைத்தார். சீட்டின் படத்தையும் பணம் செலுத்திய பதிவையும் கேட்டார்கள். பதிவில் இருந்ததோ குகை நிர்வாகத்தின் பெயரில்லை, ஒரு தனிநபரின் புனைபெயரும் ஒரு பூப்படமும்தான். குகைக்காரர்கள், தங்களுக்கு வந்தது சீட்டில் அச்சிட்ட தொகை மட்டுமே என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள். பணம் திரும்பவில்லை.

போகிறவர்கள், எழுதி வாங்கிய தாளைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தாளைக் காட்டலாம், கையில் கொடுக்கக் கூடாது. வாசலில் மாட்டியிருக்கும் பெயர்ப்பலகையை அந்தப் படத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, சீட்டறைச் சாளரத்தில் ஒட்டியிருக்கும் குறியீட்டுக்கு மட்டும் பணம் செலுத்துங்கள். குறியீட்டை வருடியதும் திரையில் பெறுபவரின் பெயர் வரும். அங்கே ஒரு தனியாளின் பெயர் வந்தால் நிறுத்திவிடுங்கள்.

மறுநாள் காலை, விட்டுப்போன பாலத்தைப் பார்ப்பதற்குமுன் நிலாக்குன்றை இன்னொரு முறை பார்க்க அதே சாலைக்குப் போனோம். அதே இடத்தில், அதே மேல்சட்டையோடு அவர் நின்றிருந்தார். எங்களை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து, "வாட்டர் கேவ்?" என்றார்.