விஜய் ஐயரின் இரண்டு ட்ரியோக்கள்: கில்மோரா, சோரியா?

ஜாஸ் பியானோக் கலைஞர் விஜய் ஐயரைக் கேட்கலாம் என்று உட்கார்ந்தால் முதலில் தலைதான் சுற்றும். தனி பியானோ ஆல்பம் இருக்கிறது, சாக்ஸபோன் சேர்ந்த நால்வர் குழு இருக்கிறது, ஆறு பேர் குழு இருக்கிறது, ட்ரம்பெட் மேதை வாடாடா லியோ ஸ்மித்தோடு இருவர் மட்டும் வாசித்தது இருக்கிறது, நான்கு கம்பி வாத்தியங்கள் கொண்ட ஸ்டிரிங் குவார்ட்டெட்டோடு செய்தது வேறு. முதல் ஆல்பம் 1995இல் வந்தது, ஆக கிட்டத்தட்ட முப்பது வருடச் சரக்கு. ஆனால் இந்த மனிதரின் கை எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமென்றால் பியானோ, பேஸ், டிரம்ஸ் என்ற மூவர் குழுவுக்கு, அதாவது ட்ரியோவுக்குத்தான் வர வேண்டும். அங்கேயும் இரண்டு கட்சி.

ஒன்று, ஸ்டீஃபன் கிரம்ப் பேஸ், மார்கஸ் கில்மோர் டிரம்ஸ். ‘ஹிஸ்டாரிசிட்டி’ (2009), ‘அச்செலராண்டோ’ (2012), ‘பிரேக் ஸ்டஃப்’ (2015) மூன்றும் இவர்களுடையவை. இன்னொன்று, லிண்டா மே ஹான் ஓ பேஸ், டைஷான் சோரி டிரம்ஸ். ‘அன்ஈஸி’ (2021), ‘கம்பாஷன்’ (2024). இசையின் குணம் முதல் அணியிலிருந்து இரண்டாவதற்கு வரும்போது மாறுகிறது, அதில் சண்டையில்லை. ஏன் மாறியது என்பதில்தான் சண்டை. லேபிள், அதாவது ஆல்பம் வெளியிடும் கம்பெனி, மாறியதால் மாறியது என்பார்கள் பலர். முதல் இரண்டும் ஆக்ட் லேபிளில் வந்தவை, மற்றவை ஈசிஎம்மில். (இரண்டுமே மியூனிக் கம்பெனிகள் என்பது தனி வேடிக்கை.) ஈசிஎம் என்றாலே அதன் நிறுவனர் மான்ஃப்ரெட் ஐஹர், எதிரொலி, நிறைய மௌனம், பனிமூட்டமான அட்டைப்படம். அதனால் ஐயரும் அடங்கிப்போனார், கதை முடிந்தது என்பது அவர்கள் வாதம்.

எனக்கு இது ஒத்துவரவில்லை. காரணம் ‘பிரேக் ஸ்டஃப்’. லேபிள் ஈசிஎம், தயாரிப்பு ஐஹர், ஆனால் ஆட்கள் பழைய ஆட்களே. லேபிள்தான் காரணம் என்றால் அது ‘அன்ஈஸி’யின் அண்ணன் மாதிரி ஒலிக்க வேண்டும். ஒலிப்பதிவில் காற்றோட்டம் கூடியிருக்கிறது, உண்மைதான், ஆனால் இசை நடக்கிற விதம் அச்சு அசல் ‘அச்செலராண்டோ’. மாற்றம் வந்தது டிரம்ஸ் முக்காலியில் ஆள் மாறியபோதுதான்.

கில்மோர் அணியை முதலில் எடுத்துக்கொள்வோம். இவர் ராய் ஹேன்ஸின் பேரன், ஜாஸ் டிரம்ஸில் அதைவிடப் பெரிய வம்சம் சொல்வது கஷ்டம். ஆனால் தாத்தாவைப் போல வாசிப்பவர் கிடையாது. பட்டுப்பட்டென்று வறண்ட அடி, ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில், நான்கு கைகால்களும் நான்கு கணக்கில் ஓடும். ‘ஹிஸ்டாரிசிட்டி’யில் ‘கலாங்’ என்ற பாட்டைக் கேளுங்கள், மூன்று நிமிடம்கூட வராது. லண்டனில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பெண்ணான எம்.ஐ.ஏ.வின் பாட்டு அது, தன் அப்பாவின் இயக்கப் பெயரையே தலைப்பாக வைத்த ‘அருளர்’ ஆல்பத்தில் இருப்பது. மூலத்தில் முழுக்க மெஷின் தாளம். அதை மரமும் கம்பியும் தோலும் வைத்து மூன்று பேர் செய்கிறார்கள். ஐயரின் இடது கை பியானோவின் அடிப்பகுதியில் குத்துகிறது, கிரம்ப் அதே இடத்தில் இழுக்கிறார், கில்மோர் கொஞ்சமும் அலங்காரம் செய்யாமல் பிடித்துக்கொண்டே போகிறார். சோலோ வாசிக்கிறேன் பார் என்று யாரும் எழுந்து நிற்பதில்லை. தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த பிள்ளை எம்.ஐ.ஏ.வை எடுத்து வாசிப்பதில் ஒரு ஜாடைப் பேச்சும் இருக்கிறது என்பது என் ஊகம், ஆனால் அதெல்லாம் தெரியாமலே பாட்டு நிற்கும்.

அதே ஆல்பத்தில் ‘மிஸ்டிக் புரூ’. ரானி ஃபாஸ்டர் 1972இல் ஆர்கனில் வாசித்தது, பிறகு எ டிரைப் கால்டு குவெஸ்ட் அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி ராப் பாட்டாக்கினார்கள், மெட்டைக் கேட்டால் நிறையப் பேருக்கு அடையாளம் தெரியும். ஐயர் என்ன செய்கிறார் என்றால் அந்த மெட்டின் குறில் நெடிலை ஃபிபோனாச்சி எண்களில் (முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் வரிசை) நீட்டுகிறார், 5க்கு 8, 8க்கு 13, 13க்கு 21 என்று. யேலில் கணிதமும் இயற்பியலும் படித்தவர், பெர்க்லியில் இயற்பியலில் ஆரம்பித்துப் பாதியில் தடம் மாறி இசையை மனம் எப்படி உணர்கிறது என்பது பற்றி டாக்டர் பட்டம் வாங்கியவர், செய்யாமல் இருப்பாரா? ஆனால் கேட்கும்போது கணக்கு உறுத்தாது, மெட்டு கொஞ்சம் தள்ளாடுகிற மாதிரி, அதே நேரம் விழாமல் நடக்கிற மாதிரி மட்டும் தோன்றும். இதைச் சாத்தியமாக்குவது கில்மோர். அடி ஒரு இம்மி தளர்ந்தாலும் அது வெறும் பாடப்புத்தகமாகிவிடும்.

‘அச்செலராண்டோ’ வந்த வருடம் டவுன்பீட் பத்திரிகையின் விமர்சகர் வாக்கெடுப்பில் ஐயருக்கு ஐந்து பிரிவுகளில் முதலிடம், அதில் சிறந்த ஆல்பமும் சிறந்த குழுவும் அடக்கம். மறுபேச்சில்லாத உச்சம் என்று எல்லோரும் சொல்கிற ஆல்பம் இது. எனக்கு அவ்வளவு மயக்கம் இல்லை. டியூக் எலிங்டன், ஹென்றி த்ரெட்கில், ஃபிளையிங் லோட்டஸ், மைக்கேல் ஜாக்ஸன் என்று எங்கெங்கிருந்தோ எடுத்திருக்கிறார், தனித்தனியாக ஒவ்வொன்றும் பிரமாதம், ஆனால் மொத்தமாகக் கேட்டால் காது களைத்துப்போகிறது, ஏனென்றால் பாதிக்கு மேற்பட்டவை ஒரே மாதிரி வளர்கின்றன: அடியில் ஒரு சுழற்சி, மேலே கொஞ்சம் கொஞ்சமாகக் குவிப்பு, கடைசியில் கொதிப்பு. மைக்கேல் ஜாக்ஸனின் ‘ஹ்யூமன் நேச்சர்’ பாட்டை ஐயர் 2010இல் ‘சோலோ’ ஆல்பத்தில் தனியாகவும் வாசித்திருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் நான் சொல்வது புரியும். தனி வாசிப்பில் பாட்டு பாடுகிறது, ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்கு முன் மூச்சு இருக்கிறது. ட்ரியோவில் அந்த மூச்சு போய் மோட்டார் வந்துவிடுகிறது. கச்சேரியில் கூட்டம் எழுந்து நிற்க வைக்கும் மோட்டார்தான், மறுக்கவில்லை, ஆனால் வீட்டில் நான் போடுவது ‘சோலோ’வை.

‘பிரேக் ஸ்டஃப்’தான் இந்த அணியின் சிகரம் என்பேன். 2014 ஜூனில் நியூயார்க் அவதார் ஸ்டூடியோவில் பதிவானது. ‘ஹுட்’ என்ற துண்டு டெக்னோ என்ற மின்னணு நடன இசை செய்யும் டெட்ராயிட்காரர் ராபர்ட் ஹுட்டுக்குச் செய்த மரியாதை. பியானோவில் ஒரு ஸ்வரம் தட்டித் தட்டி வருகிறது, பக்கத்தில் இன்னொன்று முளைக்கிறது, சிம்பலில் மெல்லிய அரிப்பு, எந்த நொடியில் மாறியது என்று சொல்ல முடியாமலே மாறிக்கொண்டிருக்கிறது. மெட்டு என்று ஒன்று இல்லை, சோலோ இல்லை, ஆனாலும் நகர முடியாமல் உட்கார வைக்கிறது. அப்புறம் ‘மிஸ்டரி வுமன்’: இதன் அடுக்கு நடைகள் தென்னிந்திய தாள வாத்தியங்களுக்குக் கடன்பட்டவை. தனி ஆவர்த்தனம் கேட்டுப் பழகிய காதுக்கு இதில் அறிமுகமே தேவையில்லை, ஒரே ஓட்டத்துக்குள் திஸ்ரம் எட்டிப் பார்ப்பதும் கண்டம் போல வெட்டுவதும் தொடை தானாகவே தாளம் போட ஆரம்பிப்பதும் நடக்கும். கோல்ட்ரேனின் ‘கவுண்ட்டவுன்’, மங்க்கின் ‘வொர்க்’ என்று மூத்தோர் சொத்தும் இருக்கிறது. நடுவில் பில்லி ஸ்டிரேஹார்ன் மரணப் படுக்கையில் எழுதிய ‘பிளட் கவுண்ட்’டை ஐயர் தனியாக வாசிக்கிறார். ‘அச்செலராண்டோ’வில் எனக்கு இல்லாமல்போன மூச்சு இங்கே கிடைக்கிறது.

கிரம்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த மூவரில் யாரும் பேசாத ஆள் அவர்தான். பியானோவும் டிரம்ஸும் கணக்குப் போட்டு விளையாடும்போது தரை எது என்று காட்டுவது அந்த பேஸ். முன்னால் வருவதில்லை, வரவும் ஆசைப்படவில்லை.

இப்போது சோரி. இவரைப் புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம், ஐயர், சோரி, சாக்ஸபோனில் ஸ்டீவ் லேமன் மூவரும் சேர்ந்து ஃபீல்டுவொர்க் என்ற பெயரில் 2008இலேயே ‘டோர்’ என்று ஒரு ஆல்பம் போட்டிருக்கிறார்கள், பேஸே இல்லாமல். சோரி அடிப்படையில் ஒரு இசையமைப்பாளர், பியானோவும் டிராம்போனும் வாசிப்பார், 2024இல் இசைக்கான புலிட்சர் விருது வாங்கினார். அது தெரிந்துகொண்டு கேட்டால் அவர் டிரம்ஸ் வாசிக்கும் விதம் விளங்கும். கில்மோர் தாளத்தைக் கட்டுகிறார், சோரி மொத்தப் பாட்டையும் கேட்டுக்கொண்டு எங்கே தேவையோ அங்கே மட்டும் கை வைக்கிறார். சில இடங்களில் ஒரு சிம்பல் அடித்து அது அடங்கும்வரை விட்டுவிடுகிறார், அந்த இடைவெளியில் பியானோவின் நடு ஸ்வரங்கள் காதில் விழுகின்றன. கில்மோர் அணியில் பல இடங்களில் பியானோவே இன்னொரு தாளவாத்தியம், இங்கேதான் அது திரும்பவும் பியானோ ஆகிறது.

‘அன்ஈஸி’ 2019 டிசம்பரில் நியூயார்க் பக்கத்து மவுண்ட் வெர்னனில் பதிவானது, பெருந்தொற்றுக்குச் சற்று முன். முதல் துண்டு ‘சில்ட்ரன் ஆஃப் ஃபிளின்ட்’, மிச்சிகனில் குழாய்த் தண்ணீரில் ஈயம் கலந்து குழந்தைகள் பாதிக்கப்பட்ட ஊரை நினைத்து எழுதியது. கோபத்தில் எழுதியிருப்பார் என்று எதிர்பார்த்தால் தணிந்த குரலில் வருகிறது. ‘நைட் அண்ட் டே’ பழைய கோல் போர்ட்டர் பாட்டு, ஆனால் சாக்ஸபோன் கலைஞர் ஜோ ஹெண்டர்சன் 1964இல் பியானோவுக்கு மெக்காய் டைனரை வைத்துப் பதிவு செய்த வடிவத்தின் வழியாக வருகிறது. ஐயர் இவ்வளவு நேரடியாக ஸ்விங் (ஜாஸின் மரபான ஆடும் நடை) வாசிப்பது அபூர்வம், ஜாஸே வாசிக்கத் தெரியாத கணக்கு வாத்தியார் என்று அவரைத் திட்டுகிறவர்களுக்கு இந்த ஒன்றைப் போட்டுக் காட்டலாம். மலேசியாவில் பிறந்து ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வளர்ந்த லிண்டா ஓ, கிரம்ப்புக்கு நேர் எதிர். அவர் பேஸ் பாடும். ஐயர் ஒரு சொற்றொடரை முடிக்காமல் விட்டால் அதை எடுத்து முடிப்பார். ஆனால் இதை ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டால் அவர் வாசிப்பில் பாதி காணாமல் போய்விடும், ஒரு சுமாரான ஹெட்ஃபோனாவது மாட்டிக்கொள்ளுங்கள்.

பியானோக் கலைஞர் ஜெரி ஆலன் எழுதிய ‘டிரம்மர்ஸ் சாங்’ இந்த அணியின் இரண்டு ஆல்பத்திலும் வருகிறது. ‘அன்ஈஸி’யில் தனியாக, ‘கம்பாஷன்’ கடைசியில் ஜான் ஸ்டபிள்ஃபீல்டின் ‘ஃப்ரீ ஸ்பிரிட்ஸ்’ஸோடு சேர்த்து. 2017இல் காலமான ஆலன்மீது ஐயருக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். எனக்கு முதல் வடிவமே மேல், இடது கை விடாப்பிடியாகச் சுற்றிக்கொண்டிருக்க சோரி அதைச் சீண்டிப் பார்க்கிற விளையாட்டு அதில்தான் முழுசாக இருக்கிறது. பொதுவாகவே ‘கம்பாஷன்’ எனக்கு ஒரு படி கீழே. ஸ்டீவி வொண்டரின் ‘ஓவர்ஜாய்ட்’ அழகு, ராஸ்கோ மிட்செலின் ‘நோனா’வில் மூவரும் ஏறி அடிக்கிறார்கள், ஆனால் நடுவில் சில துண்டுகள் தொடங்கி நிற்பதற்குள் முடிந்துவிடுகின்றன. ‘அன்ஈஸி’ கிடைக்காதபோது கேட்கலாம் என்று சொன்னால் கொஞ்சம் அநியாயம்தான், சொல்லிவிட்டேன்.

என் வாதத்துக்கு எதிராக ஒரு சாட்சி இருக்கிறது, மறைக்கக் கூடாது. 2017இல் வந்த ‘ஃபார் ஃப்ரம் ஓவர்’, ஆறு பேர், அதில் கிரம்ப் பேஸ், சோரி டிரம்ஸ், முன்னால் மூன்று ஊதுகுழல்கள். அங்கே சோரி அடக்கி வாசிப்பவர் மாதிரியே இல்லை, இடி மாதிரி அடிக்கிறார். அப்படியென்றால் ‘அன்ஈஸி’யின் மென்மைக்குச் சோரி எப்படிக் காரணம்? என் பதில், அவர் மென்மையானவர் என்று நான் சொல்லவே இல்லை, கேட்டு வாசிப்பவர் என்றுதான் சொன்னேன், மூன்று ஊதுகுழல் கத்தும்போது சிம்பலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாருக்கும் கேட்காது. லிண்டா ஓவுக்கும் பங்கு உண்டு என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். சத்தமாக, நாலு பேர் இருக்கிற இடத்தில், வண்டியில் போகும்போது கேட்க ‘ஃபார் ஃப்ரம் ஓவர்’ ஆல்பத்தை மிஞ்ச ஐயரிடம் வேறு இல்லை.

சரி, ஒன்றே ஒன்று என்றால்? மிருதங்கம், கணக்கு, கோர்வை என்றால் நிமிர்ந்து உட்காருகிறவர் ‘பிரேக் ஸ்டஃப்’ எடுங்கள். ஜாஸ் என்றால் ஏதோ இரைச்சல் என்று ஒதுக்கியவர், அல்லது பியானோவையே கேட்க ஆசைப்படுகிறவர் ‘அன்ஈஸி’. எனக்கு எது என்று கேட்டால் ‘அன்ஈஸி’, ஆனால் அது ‘பிரேக் ஸ்டஃப்’ நன்றாகப் பழகிய பிறகு வந்த ஆசை.

நம் ஆட்களில் பலர் விஜய் ஐயர் என்ற பெயரைப் பார்த்து கர்நாடக சங்கீதம் தேடி வந்து இரண்டு ட்ரியோவிலும் ராகம் இல்லையே என்று திரும்பிப் போவதையும் பார்க்கிறேன். அவர்களுக்கு ‘தீர்த்தா’ (2011) இருக்கிறது, பிரசன்னாவின் கிதார், நிதின் மிட்டாவின் தபலா, பேஸும் கிடையாது டிரம்ஸும் கிடையாது. பிரசன்னா கிதாரில் கமகம் இழுக்கும்போது உடனே ஊர் வாசனை வரும். பியானோவில் ஸ்வரத்தை வளைக்க முடியாதே, ஐயர் அதற்கு முயலவும் இல்லை, பின்னால் நின்று பல ஸ்வரங்களை ஒன்றாகச் சேர்த்த கார்டுகளை அடுக்கடுக்காக வைத்துக்கொண்டிருக்கிறார். அதனால் இது பெரும்பாலும் பிரசன்னா ஆல்பமாகவே என் காதுக்குப் படுகிறது, அந்த வகையில் நல்ல ஆல்பம்.