காற்றா, கம்பியா, கரண்டா: பின் எஞ்சின் பஸ் வீட்டுக்கு எந்த ஆக்சிலேட்டர்?

பழைய விரைவுப் பஸ் ஒன்றுக்குள் கட்டில், அடுப்பு, ஐஸ் பெட்டி எல்லாம் வைத்து வீடாக்கியிருந்தார் ஒருவர். அதை நான் வாங்கி இரண்டு வருடம் ஆகப் போகிறது. நீளம் 10 மீட்டர். பெடல் முன்னால், எஞ்சின் பின்னால். நான் பட்ட பாடெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

முன்னால் மிதிப்பதைப் பின்னால், எஞ்சினுக்குப் போகும் டீசலைக் கூட்டிக் குறைக்கும் பம்பின் லீவர்வரை கொண்டுபோக மூன்று வழி உண்டு. ஒன்று இழுக்கும் கேபிள். இன்னொன்று காற்றழுத்தம். மூன்றாவது மின்சாரம்: பெடலில் ஒரு சென்சார், லீவரை அசைக்கப் பின்னால் ஒரு சின்ன மோட்டார், நடுவில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. என் பஸ்ஸில் இருந்தது மின்சாரம். நான் காற்றுக்கு மாறிவிட்டேன். அதனால் நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்று இப்போதே தெரிந்திருக்கும்.

காமன் ரெயில் எஞ்சின் வைத்திருப்பவர்கள் இதைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். அதில் எவ்வளவு டீசல் என்பதைக் கணினிதான் முடிவு செய்கிறது, இழுக்க லீவரே கிடையாது. மின்சாரப் பெடல் இருந்தே ஆக வேண்டும்.

கேபிளைப் பற்றி எனக்கு அனுபவம் குறைவு. கூட்டாளி ஒருவரின் பஸ்ஸை ஈப்போவரை ஒரு தடவை ஓட்டினேன், அவ்வளவுதான். கால் வலித்தது. தரைக்கு அடியில் வளைந்து வளைந்து போகும் நீளக் கேபிள் என்றால் ஒவ்வொரு வளைவிலும் உராய்வு. துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டால் லீவர் திறந்தபடியே நிற்கும், அது ஆபத்து. பம்பு லீவரில் இரண்டாவது ஸ்பிரிங் ஒன்று போடாமல் கேபிளை நம்பக் கூடாது என்பது கூட்டாளியே சொன்னது. எஞ்சின் முன்னால் இருக்கும் வேனுக்கு என்றால் நான் யோசிக்காமல் கேபிள்தான் சொல்வேன்.

மின்சாரம் ஓட்டுவதற்குச் சுகம். பஞ்சு மாதிரி மிதிக்கலாம், தாமதமே இல்லை, ஏர்கானுக்காக எஞ்சினைக் கொஞ்சம் ஏற்றி வைக்க ஒரு சுவிட்சும் இருந்தது. ஆனால் சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது பஸ் தானாக உறும ஆரம்பித்தது. பெட்டியைச் சந்தேகப்பட்டேன், மோட்டாரைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் கண்டுபிடித்தது வீட்டுக்காரம்மா. “ஏங்க, ஐஸ் பெட்டி உறுமும்போதெல்லாம் பஸ்ஸும் சேர்ந்து உறுமுது, கவனிச்சீங்களா?”

அப்புறம்தான் ஒயரைத் தேடி இறங்கினேன். பழைய உரிமையாளர் ஐஸ் பெட்டி, விளக்கு, ஆக்சிலேட்டர் எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்பு ஒயர் போட்டிருந்தார். வரைபடம் கிடையாது. ஒவ்வொரு ஒயராக இரண்டு முனையையும் கழற்றி, ஒரு முனையைச் சேசிஸில் கட்டிவிட்டு, மறுமுனையில் மீட்டரை வைத்துப் பார்த்து, டேப்பில் நம்பர் எழுதி ஒட்டினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது.

பெடல் சென்சாரின் எர்த், அதாவது கரண்ட் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் ஒயர், படிக்கட்டுக்குக் கீழே துருப்பிடித்த ஒரு போல்ட்டில் இருந்தது. ஐஸ் பெட்டியின் எர்த்தும் அதே போல்ட்டில். ஓம் மீட்டர் வைத்தால் ஒரு ஓமுக்கும் கீழே காட்டியது, நல்ல இணைப்பு என்றே நினைத்துவிட்டேன். அங்கேதான் ஏமாந்தேன். ஐஸ் பெட்டியை ஓடவிட்டு, அந்த எர்த் ஒயருக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் நடுவில் வோல்ட் பார்த்தபோது 0.6 காட்டியது. பெடலைத் தொடாமலே சென்சார் 0.8 வோல்ட் அனுப்ப வேண்டும். எர்த் பூஜ்யத்தில் நிற்காமல் மேலே ஏறியதால் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தது 1.3. யாரோ மிதிக்கிறார்கள் என்று அது நினைத்துக்கொண்டது. கம்பெனி பெடல்களில் இரண்டு சென்சார் வைத்து ஒன்றோடு ஒன்றை ஒத்துப் பார்ப்பார்கள். இதில் ஒன்றே ஒன்றுதான்.

சென்சாரின் எர்த்தைத் தனி ஒயரில் நேராகப் பெட்டிக்குக் கொண்டுபோனேன், உறுமல் நின்றது. செலவு 10 மலேசிய வெள்ளிகூட இல்லை. சரி, பிறகு ஏன் மாற்றினாய் என்று கேட்கலாம்.

அந்தப் பெட்டிக்காகத்தான். பெயரும் இல்லை, நம்பரும் இல்லை, உள்ளே பிசின் ஊற்றி அடைத்திருக்கிறது. கிரிக்கிலிருந்து ஜெலி போகும் மலைச்சாலையில், யானை குறுக்கே வரும் இடத்தில் அது நின்றுபோனால் நான் யாரைக் கூப்பிடுவது? காற்று அப்படியில்லை. எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் பெரிய லோரிகள் பெரும்பாலும் காற்று பிரேக். அதைப் பார்க்கத் தெரியாத பட்டறையே இல்லை. குழாய், இணைப்பு, வால்வு எல்லாம் லோரி சாமான் கடையில் தொங்குகிறது. கசிந்தால் காதுக்குக் கேட்கும், கேட்காவிட்டால் சோப்புத் தண்ணீர் காட்டிக்கொடுக்கும். மீட்டரே வேண்டாம்.

பழைய லோரி உடைக்கும் இடத்தில் பெடல் வால்வும் பின்னால் போடும் சிலிண்டரும் கிடைத்தன. 6 மில்லிமீட்டர் நைலான் குழாயோடு சேர்த்து 400 வெள்ளிக்குள் முடிந்தது. எவ்வளவு மிதிக்கிறோமோ அவ்வளவு அழுத்தத்தை வால்வு விடுகிறது, சிலிண்டர் லீவரைத் தள்ளுகிறது. குழாய் அறுந்தால் ஸ்பிரிங் லீவரைப் பின்னால் இழுத்துவிடும், எஞ்சின் ஐடிலுக்கு வந்துவிடும். காலையில் காற்று ஏறும்வரை மிதித்தாலும் எதுவும் நடக்காது என்பது ஒரு குறைதான். ஆனால் காற்று ஏறாமல் பிரேக்கும் விடுபடாது, எப்படியும் காத்திருக்கத்தானே வேண்டும்.

ஒரே ஒரு இடத்தில் பட்டறை அண்ணன் என்னைத் திட்டினார். பக்கத்தில் இருக்கிறதே என்று பிரேக் டாங்கியிலிருந்தே குழாய் எடுக்கப் பார்த்தேன். “தம்பி, ஆக்சிலேட்டர் குழாய் உடைஞ்சா பிரேக் காத்தும் சேர்ந்து போகும், அப்ப எதை மிதிப்ப?” என்றார். துணை டாங்கியிலிருந்து, பாதுகாப்பு வால்வு வழியாகத்தான் எடுக்க வேண்டும். அழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் அது தானே மூடிக்கொண்டு பிரேக்குக்கு மிச்சம் வைக்கும்.

பராமரிப்பு என்று பார்த்தால் டாங்கியில் சேரும் தண்ணீர்தான். நம் ஊர் ஈரக் காற்றுக்குத் தினமும் திறந்துவிடுகிறேன், ஆறிப்போன தேயிலைத் தண்ணீர் நிறத்தில் வருகிறது. மிதித்தால் அரை வினாடி தாமதம் உண்டு, முந்திச் செல்லும்போது தெரிகிறது. சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் எத்தனை வருடம் தாங்கும் என்று நான் சொல்ல முடியாது. போட்டு 11 மாதம்தான் ஆகிறது.

பழைய சிவப்பு ஒயர்களைப் பெரும்பாலும் உருவிவிட்டேன். இரண்டு மட்டும் எங்கே போகின்றன என்று இன்னும் பிடிபடவில்லை. முனையில் டேப் சுற்றி அப்படியே விட்டிருக்கிறேன்.