பழைய டெஸ்க்டாப்புக்கு எந்த எஸ்எஸ்டி? 870 ஈவோ, எம்எக்ஸ்500, பிஎக்ஸ்500 ஓர் ஒப்பீடு

எச்61 சிப்செட் (மதர்போர்டில் டிரைவ் போர்ட்டுகளை நடத்தும் முக்கிய சிப்) உள்ள போர்டில் சாம்சங் 870 ஈவோ எஸ்எஸ்டியை மாட்டிவிட்டு, பெட்டியில் போட்டிருக்கும் 560 எம்பி வேகம் வரவில்லை என்று டிரைவைக் குறை சொல்வது நியாயமில்லை. அந்த சிப்செட் தரும் டிரைவ் போர்ட்டுகள் எல்லாமே சாட்டா 2, அதாவது சாட்டா 3-இன் பாதி வேகம். நொடிக்கு 270, 280 எம்பிக்கு மேல் எந்த டிரைவாலும் தர முடியாது. ஆனாலும் கம்ப்யூட்டர் ஆளே மாறிப்போகும். விண்டோஸ் கிளம்பும்போது படிக்கப்படுபவை ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டித் துண்டுகள். 7200 ஆர்பிஎம் ஹார்டு டிஸ்க் அப்படிப்பட்ட வாசிப்புகளை நொடிக்கு நூறு சொச்சம்தான் முடிக்கும். சாட்டா 2 போர்ட்டில் இருக்கும் எஸ்எஸ்டி பல்லாயிரம் முடித்துவிடும்.

அதனால் பெட்டியில் உள்ள எம்பி கணக்கை மறந்துவிட்டு முதலில் போர்டைப் பாருங்கள். சிப்செட்டிலிருந்து வரும் சாட்டா 3 போர்ட் பி75-இல் ஒன்றே ஒன்று, எச்77, இசட்77, எச்81 போர்டுகளில் இரண்டு, பி85-இல் நான்கு. போர்ட்டின் நிறத்தை நம்ப வேண்டாம், அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எழுத்தையும் மேனுவலையும் பாருங்கள். சில போர்டுகளில் மார்வெல், ஏஎஸ்மீடியா சிப் வழியாகக் கூடுதல் போர்ட் இருக்கும். ஒரே பிசிஐஇ 2.0 லேனில் (கார்டுகளுக்கான தடத்தில்) ஓடுவதால் அது 400 எம்பி அளவிலேயே நின்றுவிடும். பூட் டிரைவை சிப்செட் போர்ட்டில் மாட்டுவதே நல்லது.

அடாப்டர் கார்டில் என்விஎம்இ (பிசிஐஇ வழியாக ஓடும் வேகமான எஸ்எஸ்டி) போடலாமே என்றால், கம்ப்யூட்டரைக் கிளப்பிவிடும் பயாஸுக்கு என்விஎம்இ தெரியாவிட்டால் அதிலிருந்து பூட் ஆகாது. 2014-க்கு முந்தைய போர்டுகளில் பெரும்பாலும் இதே நிலைதான். 2.5 இன்ச் சாட்டா டிரைவே சரியான வழி.

இனி டிரைவுகள். 870 ஈவோ 2021-இல் வந்தது: டிஎல்சி நாண்ட் (செல்லுக்கு 3 பிட் வைக்கும் மெமரி), தனி டிராம் (எந்த டேட்டா எங்கே இருக்கிறது என்ற குறிப்பை வைக்கும் வேக மெமரி), 5 வருட வாரண்டி, 1 டிபி மாடலுக்கு 600 டிபி எழுதும் ஆயுள். மைக்ரானின் குருசியல் பிராண்டில் வந்த எம்எக்ஸ்500-க்கும் டிஎல்சி, டிராம், 5 வருடம் உண்டு. ஆயுள் 360 டிபி. வீட்டு உபயோகத்தில் அதைத் தொடுவதே கஷ்டம். அதே பிராண்டின் பிஎக்ஸ்500-இல் டிராம் இல்லை, வாரண்டி 3 வருடம், கியூஎல்சி (செல்லுக்கு 4 பிட், எழுதுவதில் மெதுவான) நாண்டோடும் வந்திருக்கிறது. பிரவுசர், ஆபீஸ் வேலைக்குக் குறை தெரியாது. டிரைவ் முக்கால்வாசி நிறைந்தபின் பெரிய வீடியோ ஃபைல்களை மொத்தமாக காப்பி செய்தால் வேகமாக எழுத ஒதுக்கிய கேஷ் தீர்ந்து, வேகம் ஹார்டு டிஸ்க்கை விடவும் கீழே போய்விடும். கூடுதல் காசு கொடுப்பதானால் டிராமுக்கும் டிஎல்சிக்கும் கொடுங்கள்.

பொதுவாக எங்கள் தேர்வு எம்எக்ஸ்500. ஒரு விஷயம்: குருசியல் நுகர்வோர் வியாபாரத்திலிருந்து விலகுவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. வாரண்டி சேவை தொடரும் என்கிறார்கள். கிடைக்காவிட்டால் 870 ஈவோ. ஆனால் ஏஎம்டியின் எஸ்பி700, எஸ்பி800 சிப்செட் காலத்து போர்டில் லினக்ஸ் ஓட்டுபவர்கள் 870 ஈவோவைத் தவிர்க்கலாம். அந்த சிப்செட்களின் சாட்டா கன்ட்ரோலர்களோடு என்சிகியூ (பல கட்டளைகளை வரிசைப்படுத்தி முடிக்கும் வசதி) ஒத்துப்போகாமல் பிழைகள் வந்ததால், 860, 870 இரண்டுக்கும் கெர்னலிலேயே அதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எம்எக்ஸ்500-இல், டிரைவ் தன் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் பட்டியலின் 197-ஆம் எண் (படிக்கச் சிக்கலான செக்டர்களின் கணக்கு) சில ஃபர்ம்வேர்களில் திடீரென 1 காட்டி மறுபடி 0 ஆகும். அது பொய்க் கணக்கு, டிரைவ் கெடவில்லை.

மாட்டும்போது: கேபினெட்டில் டிரைவ் வைக்கும் 3.5 இன்ச் பே-க்கு பிராக்கெட் வேண்டும், டிரைவில் போவது எம்3 ஸ்க்ரூ. பழைய ஹார்டு டிஸ்க்கின் தடித்த ஸ்க்ரூவைத் திணித்தால் மரை போய்விடும். பவர் சப்ளையில் சாட்டா கனெக்டர் இல்லாமல் மோலெக்ஸ் (பழைய நான்கு பின் பவர் கனெக்டர்) அடாப்டர் வாங்கினால், கம்பிகளை பிளாஸ்டிக்கில் வார்த்து மூடிய ரகம் வேண்டவே வேண்டாம். உள்ளே கம்பி நகர்ந்து ஷார்ட் ஆகித் தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. ஒவ்வொரு கம்பியும் தனியாக க்ரிம்ப் செய்யப்பட்டதாக வாங்குங்கள்.

பயாஸில் சாட்டா போர்ட்டுகள் பழைய ஐடிஇ மோடில் இருந்தால் எஸ்எஸ்டிக்கு ஏற்ற ஏஹெச்சிஐ மோடுக்கு மாற்ற வேண்டும். நேரடியாக மாற்றினால் விண்டோஸ் நீலத்திரையில் நிற்கும். விண்டோஸ் 10-இல் முதலில் எம்எஸ்கான்ஃபிக் (விண்டோஸின் பூட் செட்டிங் கருவி) திறந்து சேஃப் பூட்டை டிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். பயாஸில் மோடை மாற்றி ஒருமுறை சேஃப் மோடில் ஏறியதும் டிக்கை எடுத்துவிடுங்கள். பிறகுதான் க்ளோன், அதாவது பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுப்பது. முடிந்ததும் பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டே முதல் பூட் செய்யுங்கள், இல்லாவிட்டால் எதிலிருந்து கிளம்பியது என்றே தெரியாது. எக்ஸ்பி காலத்தில் பிரித்த பார்ட்டிஷன் 63-ஆம் செக்டரில் தொடங்கும். அது எஸ்எஸ்டியின் கட்டங்களோடு பொருந்தாததால், அப்படியே க்ளோன் செய்தால் எழுதும் வேகம் அடிவாங்கும். அதற்குப் புதிதாக விண்டோஸ் போடுவதே மேல்.

கடைசியில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளைத் திறந்து டிரான்ஸ்ஃபர் மோடு வரியைப் பாருங்கள். இடப்பக்கம் இப்போது ஓடும் வேகம், வலப்பக்கம் டிரைவின் திறன். சாட்டா 3 போர்ட்டில் மாட்டியும் இடப்பக்கம் 300 (சாட்டா 2 வேகம்) என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள்.