டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே7: வாங்கினால் இரண்டாக வாங்குங்கள்

இசைத்தட்டைச் சுழற்றும் இந்த டர்ன்டேபிளைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் பிடித்த பழைய தட்டு ஒன்றைச் சுழலவிட்டு, ஒலி எவ்வளவு தெளிவு என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஒலி தெளிவுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்காக மட்டும் இதை வாங்க வேண்டியதில்லை. நான் மலேசியாவின் கிள்ளான் வட்டாரத்தில் கல்யாண விருந்துகளுக்கு டிஜே செய்பவன். சனிக்கிழமைகளில் பதின்ம வயதுப் பிள்ளைகள் சிலருக்கு, இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் தேய்த்து ஒலி எழுப்பும் ஸ்கிராட்ச் சொல்லித் தருகிறேன். எனக்கு இது வாசிக்கிற வாத்தியம். அப்படிப் பார்த்தால்தான் இதிலுள்ள ஒவ்வொரு பொத்தானும் ஏன் அங்கே இருக்கிறது என்பது பிடிபடும்.

முதலில் ஏன் இரண்டு என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது ஹிப் ஹாப் பிறந்த கதை. 1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி, செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் அடுக்குமாடியில் குடியிருப்பவர்களுக்கான பொது அறை. பள்ளி திறக்குமுன் புதுத்துணி எடுக்கப் பணம் சேர்க்கச் சிண்டி கேம்பல் ஒரு விருந்து வைத்தார். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். பாட்டுப் போட்டவர் அவருடைய அண்ணன் கிளைவ். ஊரார் அழைத்த பெயர் டிஜே கூல் ஹெர்க். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து, 12 வயதில் பிராங்க்ஸுக்கு வந்தவர். தெருவில் பெரிய ஸ்பீக்கர்களை அடுக்கி ஆடவைக்கும் ஜமைக்கா வழக்கம் அவர் காதில் ஊறியிருந்தது.

ஆடுகிறவர்கள் பாட்டு முழுவதற்கும் ஆடுவதில்லை என்பதை ஹெர்க் கவனித்தார். பாடகர் ஒதுங்கி, மற்ற வாத்தியங்கள் அடங்கி, டிரம் மட்டும் தனியே ஒலிக்கும் ‘பிரேக்’ வரும்போதுதான் தளம் கொதிக்கும். அது சில விநாடிகளில் தீர்ந்துவிடும். அதனால் ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிள்களில் வைத்து, ஒன்றில் பிரேக் முடியும்போது மற்றதில் அதைத் தொடங்கி, மாற்றி மாற்றி நீட்டினார். அந்தப் பிரேக்குக்காகக் காத்திருந்து ஆடியவர்கள்தான் பி-பாய்கள். மைக்கில் கூட்டத்தை உசுப்ப ஹெர்க்கும் அவருடைய நண்பர் கோக் லா ராக்கும் சொன்ன எதுகை வரிகள் வளர்ந்து ராப் ஆயின. ராப் பாடுபவருக்கு முந்தியே டிஜே வந்துவிட்டார். இதை என் மாணவர்களிடம் ஓயாமல் சொல்கிறேன்.

இப்போது கருவிக்கு வருவோம். சாதாரண டர்ன்டேபிளில் மோட்டார் ஓரமாக இருக்கும். இசைத்தட்டைத் தாங்கும் உலோகத்தட்டை ரப்பர் பெல்ட் சுழற்றும். கையால் பிடித்து நிறுத்திவிட்டால் பெல்ட் வழுக்கும், மறுபடி வேகம் எடுக்கத் தயங்கும், நாளடைவில் தளர்ந்தும் போகும். ஜப்பானின் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 வரிசையில் மோட்டார் நேராக உலோகத்தட்டின் அச்சிலேயே இருக்கிறது. 1972-ல் முதல் எஸ்எல்-1200 வந்தபோது அது வீட்டில் அமர்ந்து பாட்டுக் கேட்பவர்களுக்காகச் செய்யப்பட்டது. பிராங்க்ஸ் பிள்ளைகள் பிடித்து இழுப்பார்கள் என்று ஜப்பானில் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். 1979-ல் வந்த எம்கே2-வில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் மேலும் கீழும் தள்ளும் நீண்ட பிட்ச் ஸ்லைடர் வந்தது. டிஜேக்களின் கருவி என்று அது பெயரெடுத்தது அதற்குப் பிறகுதான்.

எம்கே7-ல் தொடக்க முறுக்குவிசை, அதாவது தட்டைச் சுழற்றும் வலு, 1.8 கிலோ-செ.மீ.; எம்கே2-வில் 1.5. பொத்தானை அழுத்தினால் 0.7 விநாடியில் தட்டு முழு வேகத்துக்கு வந்துவிடும். எண்ணைவிடக் கைக்குத்தான் இது நன்றாகத் தெரியும். தட்டை விட்டதும் பாட்டு இழுவையோ திக்கலோ இல்லாமல் அதே வேகத்தில் ஓடும். ஸ்கிராட்ச் பழகும் பிள்ளைக்குத் தாளம் தப்பினால் அது தன் கை செய்தது என்று தெரிய வேண்டும், கருவிமேல் சந்தேகம் வரக்கூடாது. அந்த நம்பிக்கையை இது தருகிறது.

ரப்பர் விரிப்பின்மேல் தட்டைப் பிடித்தால் அடியிலிருக்கும் உலோகத்தட்டும் சேர்ந்து நிற்கும். இதற்கு வழி கண்டவர் பார்படாஸில் பிறந்து பிராங்க்ஸில் வளர்ந்த கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ். தையல்காரரான அம்மாவின் உதவியோடு கம்பளித் துணியை வட்டமாக வெட்டி, கஞ்சி போட்டு விறைப்பாக்கி, இசைத்தட்டின் அடியில் வைத்தார். மேலே தட்டு நிற்கும், கீழே உலோகம் சுற்றிக்கொண்டே இருக்கும். பிரேக் தொடங்கும் இடத்தை வினைல்மேல் கிரேயானால் கோடு போட்டு வைத்தவரும் அவர்தான். இன்றும் என் வகுப்பில் தட்டுகளின் நடுத்தாளில் கோடு ஒட்டித்தான் தொடங்குகிறோம். ஊசி முனையில் படும் சிறு விளக்கை இருட்டு மண்டபத்தில் எழுப்பும்போது எனக்கு அந்தக் கிரேயான் கோடுதான் நினைவுக்கு வரும்.

தட்டை முன்னும் பின்னும் தேய்த்து அந்த ஒலியையே இசையாக்கியவர் கிராண்ட் விசர்ட் தியோடர், 1970-களின் நடுவில், விடலைப் பையனாக இருந்தபோது. பாடும் வாய்ப்போ வாத்தியம் வாங்கும் வசதியோ இல்லாத தெருவில், பிறர் பதிவுசெய்த இசையைக் கையால் உடைத்துப் புது இசை செய்தார்கள். எனக்கு ஹிப் ஹாப்பின் பெருமை முழுவதும் இந்த ஒரு செயலில் இருக்கிறது.

புதிய வசதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்லைடரால் வேகத்தை 8 சதவீதம் வரை கூட்டவோ குறைக்கவோ முடியும், பொத்தானை அழுத்தினால் 16 வரை. நிமிடத்துக்கு 78 சுழற்சி வேகமும் உண்டு, பின்னோக்கிச் சுழலவும் செய்யும். உலோகத்தட்டைத் தூக்கினால் அடியில் குட்டி சுவிட்சுகள். முறுக்குவிசையையும் நிறுத்தும் வேகத்தையும் மாற்றிக்கொள்ளலாம், ஓர விளக்கைச் சிவப்பிலிருந்து நீலமாக்கலாம். இவற்றைவிட எனக்குப் பிடித்தது கழற்றக்கூடிய கேபிள்கள். பழைய மாடலில் கம்பி அறுந்தால் பற்றவைப்பு இரும்பு எடுக்க வேண்டும்; இதில் வேறொன்றைச் செருகினால் போதும். மண்டபம் மண்டபமாக அலைபவனுக்கு இது பெரிய நிம்மதி.

எடை 9.6 கிலோ. எம்கே2 பன்னிரண்டரைக் கிலோ. மாடிப்படி ஏற்றும்போது குறைந்த எடை இனிக்கும். பேஸ் அதிரும் மேடையில் பழையதன் கனம் வேண்டியிருக்கும். மரமேடையில் வாசிப்பவர்கள் அடியில் கனமான பலகையோ அதிர்வு தாங்கும் பட்டையோ வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியானபோது விலை ஒன்றுக்குச் சுமார் 1,000 அமெரிக்க டாலர். ஊசிப்பகுதி அதில் சேராது. ஸ்கிராட்ச் உலகம் கொண்டாடிய ஷுர் எம்44-7 இனிப் புதிதாகக் கிடைக்காது. அந்த நிறுவனம் 2018-ல் ஊசித் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. ஆர்ட்டோஃபோன் கான்கார்ட் வகையில் ஸ்கிராட்சுக்கென்று இருப்பதை வாங்கலாம். இரண்டு டர்ன்டேபிள்களின் ஒலியையும் கலக்கும் மிக்சர் கருவியும் வேண்டும்.

இவ்வளவு செலவு ஏன், மடிக்கணினியில் எல்லாம் செய்யலாமே என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 1979-ல் ராப் இசைத்தட்டுகள் விற்கத் தொடங்கியதும் மைக் பிடித்தவர் முன்னால் வந்தார், டிஜே பின்னால் போனார். 1980-களில் தாளத்தைத் தானே வாசிக்கும் டிரம் மெஷினும், ஒலித்துண்டுகளைப் பதிந்து திரும்ப ஒலிக்கும் சாம்ப்ளரும் வந்தன. டிஜேயின் கையைக் காப்பாற்றியதில் போட்டிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. டிஜேக்களுக்கான டிஎம்சி உலகப் போட்டி, பாட்டுகளை இழைத்துச் சேர்க்கும் போட்டியாகத்தான் தொடங்கியது. 1986-ல் டிஜே சீஸ் ஸ்கிராட்ச் செய்து வென்றபின் அதன் போக்கே மாறியது. டெக்னிக்ஸும் 2010-ல் இந்த வரிசையை நிறுத்தி, 2016-ல் திரும்பக் கொண்டுவந்தது. எம்கே7 வந்தது 2019-ல். எங்கள் மலேசியாவில் யோகி பி-யும் நட்சத்ராவும் தமிழில் ராப் பாடியதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு எதுகை மோனை தானாக வருகிறது. அந்தச் சொற்களுக்கு அடியில் ஓடும் தாளம் எப்படிப் பிறந்தது என்பதைக் கை வைத்துப் பழகினால்தான் தெரியும், திரையைத் தொட்டு அது வராது.

கையில் காசு இருந்தால் எம்கே7 ஜோடி வாங்குங்கள், யோசிக்க வேண்டாம். குறைவாக இருந்தால் நல்ல நிலையில் உள்ள பழைய எம்கே2 ஜோடியைத் தேடுங்கள். ஸ்லைடர் நடுவில் சிக்காமல் நகர்கிறதா, ஊசிக்கரம் ஆடாமல் இருக்கிறதா, சுழலும் உலோகத்தட்டின் ஓரப் புள்ளிகள் விளக்கொளியில் அசையாமல் நிற்பதுபோல் தெரிகின்றனவா (அப்படியென்றால் வேகம் சரி) என்று பாருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டிப் பார்க்க விடாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.