செருகுவதா, புதைப்பதா?

பழைய அருங்காட்சியகத்தில் இடம் போதவில்லையா? இரண்டு வழி உண்டு. டொராண்டோவின் ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகத்தில் 2007-இல் செய்ததுபோல, பழைய கட்டடத்திலேயே அலுமினியமும் கண்ணாடியுமாகப் புதியதைச் செருகலாம். அல்லது பாரிஸின் லூவரில் 1989-இல் செய்ததுபோல, முற்றத்தில் கண்ணாடிப் பிரமிடு மட்டும் தலைகாட்ட, மற்றதைத் தரைக்கடியில் வைக்கலாம்.

தருமபுரி அருங்காட்சியகத்தின் நடுகற்களுக்கு, அதாவது மாண்ட வீரர் நினைவாக நட்ட கற்களுக்கு, எது சரிவரும்? டொராண்டோ பாணி தெருவில் போகிறவரை நிறுத்திவிடும், சரி. ஆனால் உள்ளே சுவரெல்லாம் சாய்வு. ஆள் உயரக் கல்லை எங்கே சாத்துவது? அதைவிட, நடுகல்லுக்கு வெளிச்சம்தான் உயிர். நாலாபக்கமும் வெளிச்சம் கொட்டினால் செதுக்கல் தட்டையாகிவிடும். பக்கவாட்டில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்: வீரன் கை வில்லும், உடலில் தைத்த அம்பும், மேலே வெட்டிய பழந்தமிழ் வட்டெழுத்தும் அப்படியே எழுந்து வரும். தரைக்கடிக் கூடத்தில் இந்த வெளிச்சத்தை நம் இஷ்டத்துக்கு அமைக்கலாம்.

செலவு இரண்டிலும் கையைக் கடிக்கும். லூவர் வழியில் இன்னொரு தலைவலி, நம் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே பாறை. அதை உடைக்கும் அதிர்வைப் பழைய சுவர் தாங்க வேண்டுமே!

நானென்றால் இடுப்பளவு மட்டும் இறக்கி, வடக்கே ஒரு நீள ஜன்னல் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி கற்களை அதற்குக் குறுக்காக நிறுத்துவேன்.